ஐபோன் படத்தைத் தளத்தில் ஏற்ற எதற்கு மாற்றுவது? சுங்குடிப் புள்ளியும் நடுகல் நாயும்

கேள்வி | 04.01.2025, காலை 8.15

அண்ணா, சின்னாளபட்டியில் அம்மா சுங்குடிச் சேலை விற்கிறார்கள். அதற்காக நானே ஒரு தளம் போட்டிருக்கிறேன். ஐபோனில் எடுத்த 140 படங்களை விண்டோஸ் லேப்டாப்பில் இறக்கினேன். எல்லாம் எச்இஐசி என்று வந்திருக்கிறது. பெயரின் கடைசியில் இருந்ததை அழித்துவிட்டு ஜேபிஜி என்று போட்டேன். குரோமில் உடைந்த படச் சின்னம்தான் தெரிகிறது. எப்படி மாற்றுவது? ஆன்லைனில் இலவசமாக மாற்றித் தருகிற தளங்களில் போடலாமா? அப்புறம் கூகுளின் வெப்பி வகை நல்லதா, ஜேபெக் (ஜேபிஜி-தான்) நல்லதா?

04.01.2025, இரவு 9.40

பெயரை மாற்றினால் படம் மாறாது தம்பி. மிளகாய்த்தூள் டப்பாவில் மஞ்சள்தூள் என்று சீட்டு ஒட்டுகிற மாதிரிதான் அது. முதல் வேலையாகப் பெயர்களைப் பழையபடி எச்இஐசி என்றே திருத்தி வை.

2017-இல் ஐஓஎஸ் 11 வந்தபோது ஐபோன் கேமரா ஜேபெக்கை விட்டு எச்இஐசி-க்கு மாறியது. வீடியோவைச் சுருக்குவதற்காக 2013-இல் வந்த எச்இவிசி முறையில்தான் படத்தை உள்ளே சுருட்டி வைத்திருக்கிறார்கள். ஜேபெக் பிடிக்கிற இடத்தில் ஏறக்குறைய பாதி போதும் என்பதால் போனில் இடம் மிச்சம். ஆனால் எச்இவிசி-யைப் பயன்படுத்தக் காப்புரிமைக் கட்டணம் உண்டு. குரோமும் ஃபயர்பாக்ஸும் எச்இஐசி-யைக் காட்டுவதில்லை. சஃபாரி மட்டும் 17-ஆம் பதிப்பில் இருந்து காட்டுகிறது. அதனால்தான் ஐபோன் வைத்திருப்பவர் "எனக்குத் தெரிகிறதே" என்பார், வாங்க வந்தவருக்கு எதுவும் தெரியாது.

ஆன்லைன் மாற்றித் தளங்கள் வேண்டாம். படம் யாரோ ஒருவருடைய சர்வருக்குப் போய்த் திரும்பி வருகிறது, அங்கே அது எத்தனை நாள் கிடக்கும் என்று உனக்குத் தெரியாது. சேலைப் படம்தானே என்று தோன்றும். படத்துக்குள் உன் வீடு இருக்கும் இடமும் எழுதியிருக்கிறது. அதைத் தனியாக எழுதுகிறேன். ஸ்குவூஷ் என்ற தளம் மட்டும் வேறு மாதிரி, வேலை முழுக்க உன் பிரௌசருக்குள்ளேயே நடக்கும், படம் வெளியே போகாது. ஆனால் குரோமில் அதற்கு எச்இஐசி திறக்கத் தெரியாது, முதலில் ஜேபெக்காகவோ பிஎன்ஜி-யாகவோ ஆக்கித் தர வேண்டும். ஒவ்வொரு படமாகத்தான் செய்யும்.

எதுவும் தொடங்கும் முன் 140 படங்களையும் வேறொரு ஃபோல்டரில் நகல் எடுத்து வை. "மூலம்" என்று பெயர் போடு. அதற்குள் எந்த வேலையும் செய்யாதே.

05.01.2025, காலை 6.20

விண்டோஸில் திறப்பதற்கு மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் எச்இஐஎஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ் இலவசமாகக் கிடைக்கும். ஐபோன் படத்துக்கு அது மட்டும் போதாது, எச்இவிசி வீடியோ எக்ஸ்டென்ஷன்ஸும் வேண்டும். அதற்குச் சின்ன விலை உண்டு, அமெரிக்காவில் 99 சென்ட். இரண்டும் இருந்தால் பெயிண்டிலேயே திறந்து ஜேபெக்காகச் சேமிக்கலாம். நாலு படத்துக்குச் சரி, 140-க்குக் கட்டுப்படியாகாது.

மொத்தமாக மாற்ற இர்ஃபான்வியூ, எக்ஸ்என்கன்வர்ட் இரண்டும் பலரும் பயன்படுத்துவது. வீட்டு உபயோகத்துக்கு இலவசம். வியாபாரத்துக்கு உரிமம் வாங்கச் சொல்கிறார்கள், உன்னுடையது விற்பனைத் தளம் என்பதால் அதைப் பார்த்துக்கொள். இமேஜ்மேஜிக் யாருக்கும் எதற்கும் இலவசம், ஆனால் கறுப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டும். 1987-இல் தொடங்கிய மென்பொருள் அது, இன்றும் பல சர்வர்களில் படம் சுருக்குவது அதுதான்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு எதுவும் வாங்க வேண்டாம். மான்டரே பதிப்பில் இருந்து ஃபைண்டரில் படங்களை மொத்தமாகத் தேர்ந்து வலது க்ளிக் செய்தால் க்விக் ஆக்‌ஷன்ஸ், அதற்குள் கன்வர்ட் இமேஜ். லினக்ஸில் லிப்ஹீஃப் நிறுவினால் கூடவே வரும் சின்னக் கட்டளை போதும்.

05.01.2025, காலை 6.55

இமேஜ்மேஜிக் பற்றி ஒன்று விட்டுவிட்டேன், இது முக்கியம். அதில் மோக்ரிஃபை என்ற கட்டளை இருக்கிறது. வேறு வகைக்கு மாற்றச் சொன்னால் புதுக் கோப்பு எழுதும். அளவை மட்டும் குறைக்கச் சொன்னால் மூலத்தின் மேலேயே எழுதிவிடும், கேட்காது.

நான் திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கம் நடுகற்களைப் படமெடுத்துத் தளத்தில் போடுகிறவன். 2021-இல் இந்தக் கட்டளையைத் தவறான ஃபோல்டரில் கொடுத்தேன். ஒரு வருடப் படங்கள் 1600 பிக்சலுக்குச் சுருங்கின. அவற்றில் ஒரு கல் அதற்குள் சாலை வேலைக்காக இடம் பெயர்ந்திருந்தது. பழைய இடத்தில், வேப்பமரத்தடியில், காலை வெயில் பக்கவாட்டில் விழும்படி அது நின்ற படம் இனிக் கிடைக்காது. நேற்று "மூலம்" ஃபோல்டரைப் பற்றி அவ்வளவு அழுத்திச் சொன்னது அதனால்தான்.

06.01.2025, மதியம் 1.10

போனில் இருந்து கேபிள் வழியாக இறக்கும்போது பாதியில் நின்றுவிடுகிறது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். போனின் செட்டிங்ஸில் ஃபோட்டோஸ் பகுதிக்குப் போய், கடைசியில் இருக்கும் டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி என்பதில் கீப் ஒரிஜினல்ஸ் வைத்துப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் என்று இருந்தால் போன் ஒவ்வொரு படத்தையும் ஜேபெக்காக மாற்றிக்கொண்டே அனுப்பும், கணினி அதற்குள் காத்திருந்து கைவிட்டுவிடும். ஐஓஎஸ் 18-இல் ஃபோட்டோஸ் பகுதி ஆப்ஸ் என்பதற்குள் போய்விட்டது.

இனி எடுக்கப்போகும் படங்கள் நேராக ஜேபெக்காகவே வேண்டும் என்றால் கேமரா செட்டிங்ஸில் ஃபார்மட்ஸ், அதில் மோஸ்ட் கம்பாட்டிபிள். தம்பிக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். எச்இஐசி-யை மூலமாக வைத்துக்கொண்டு தளத்துக்குத் தனியாகப் பிரதி செய்வதுதான் நல்லது.

06.01.2025, மதியம் 1.25

கூடவே வரும் ஏஏஇ கோப்புகள் குப்பை இல்லை. போனில் நீங்கள் செய்த திருத்தம் அதில் இருக்கிறது. மூன்று விநாடி எம்ஓவி வந்தால் அது லைவ் ஃபோட்டோவின் வீடியோப் பாதி. தளத்துக்கு இரண்டும் தேவையில்லை, மூலத்தோடு இருக்கட்டும்.

09.01.2025, இரவு 10.30

வெப்பியா ஜேபெக்கா என்ற கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு கணக்கு.

உன் போனின் படம் 4032-க்கு 3024, அதாவது 1.2 கோடி பிக்சல். போன் திரையில் சேலையைப் பார்ப்பவருக்கு நீளப் பக்கம் 1600 போதும், 1600-க்கு 1200 என்றால் 19 லட்சம் பிக்சல். ஆறில் ஒரு பங்கு. எந்த வகைக்கு மாற்றினாலும் இந்த அளவு லாபம் வராது. வெப்பி ஜேபெக்கைவிட 25 முதல் 34 விழுக்காடு சின்னது என்று கூகுள் சொல்கிறது. நல்லதுதான், ஆனால் 4032 பிக்சலை அப்படியே வெப்பியாக்கி ஏற்றிவிட்டு "தளம் மெதுவாக இருக்கிறதே" என்று கேட்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். முதலில் அளவைக் குறை. வகை அப்புறம்.

நான் போகும் ஊர்களில் டவர் ஒரு கோடு காட்டினால் பெரிய விஷயம். தன் ஊர்க் கல்லைத் தளத்தில் பார்க்க ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து பேரனின் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். படம் 5 எம்பி. பாதி வரைதான் வந்தது, வீரனின் தலை மட்டும் தெரிந்தது. அன்று இரவே எல்லாப் பக்கங்களையும் மாற்றத் தொடங்கினேன்.

வெப்பி 2010-இல் வந்தது. ஃபயர்பாக்ஸ் 2019-இலும் சஃபாரி 2020-இலும் ஏற்றுக்கொண்டன. இன்று அநேகமாக எல்லா போனும் காட்டும். தளத்துக்கு வெப்பி, யாருக்காவது அனுப்ப ஜேபெக். என் முடிவு இதுதான்.

10.01.2025, இரவு 8.05

தம்பி அனுப்பிய பத்துப் படங்களில் ஆறு படுத்துக்கிடக்கின்றன. நிற்க வைத்து எடுத்த சேலை எல்லாம் கட்டிலில் விரித்த மாதிரி.

காரணம் சொல்கிறேன். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் கேமராவின் உள்ளே சென்சார் படுக்கையாகத்தான் பதிவு செய்கிறது. கூடவே "காட்டும்போது இப்படித் திருப்பிக் காட்டு" என்று ஒரு குறிப்பு எழுதிவிடுகிறது. எக்ஸிஃப் என்று பெயர் உள்ள குறிப்புகளில் இதுவும் ஒன்று. 1 முதல் 8 வரை ஓர் எண், நிமிர்த்தி எடுத்த ஜேபெக்கில் பெரும்பாலும் 6. நீ கையாண்ட சிவெப்பி என்ற கூகுளின் கருவி, கேட்டால் ஒழிய எந்தக் குறிப்பையும் புதுக் கோப்புக்குக் கொண்டுபோகாது. குறிப்பு போனது, படம் படுத்துவிட்டது.

குறிப்பைக் காப்பாற்றி வைப்பதைவிட பிக்சலையே திருப்பிவிடுவது நல்லது. இமேஜ்மேஜிக்கில் ஆட்டோ ஓரியன்ட், இர்ஃபான்வியூவிலும் அதற்கு ஒரு டிக் உண்டு. மாற்றத்தின் முதல் படியிலேயே இதைச் செய்.

இன்னொன்று. சிவெப்பிக்கு எச்இஐசி தெரியாது என்பதால் நீ முதலில் ஜேபெக்காக்கி, பிறகு வெப்பியாக்கியிருக்கிறாய். இரண்டுமே சுருக்கும்போது கொஞ்சம் விவரத்தை இழப்பவை, ஆக இரண்டு முறை இழப்பு. பிஎன்ஜி எதையும் இழக்காது, நடுவில் அதை வைத்தால் இழப்பு ஒரு முறைதான். பிஎன்ஜி பெரிதாக இருக்கும், வேலை முடிந்ததும் அழித்துவிடு.

14.01.2025, மாலை 5.50

பொங்கல் அன்றைக்கும் சேலை வேலை பார்க்கிறாயே, சரி.

"போனில் அரக்காக இருப்பது தளத்தில் செங்கல் மாதிரி வெளிறித் தெரிகிறது, அம்மா இது நம்ம சேலையே இல்லை என்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறாய். அம்மாவின் கண் சரி. 2016-இல் வந்த ஐபோன் 7-இல் இருந்து படங்கள் டிஸ்ப்ளே பி3 என்ற அகலமான நிற வெளியில் பதிவாகின்றன. ஒவ்வொரு கோப்பிலும் "இந்த எண்களை பி3 என்று படி" என்று ஒரு நிறக்குறிப்பு இருக்கும், ஐசிசி ப்ரொஃபைல் என்பார்கள். மாற்றும்போது அதை உதறிவிட்டால் பிரௌசர் அதே எண்களை எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான, குறுகிய நிற வெளி என்று எடுத்துக்கொள்ளும். சிவப்பும் பச்சையும்தான் முதலில் வாடும். கல் படத்தில் இது எனக்குத் தெரியவே இல்லை, சாம்பல் நிறத்துக்கு எந்த வெளியும் ஒன்றுதான். சேலையில் உயிரே போய்விடும்.

செய்ய வேண்டியது: எண்களையே எஸ்ஆர்ஜிபி-க்கு மாற்றி எழுதச் சொல், அதற்குப் பிறகு ப்ரொஃபைல் போனாலும் கவலையில்லை. இமேஜ்மேஜிக்கின் ஸ்ட்ரிப் என்ற தேர்வு குறிப்புகளோடு ப்ரொஃபைலையும் சேர்த்தே நீக்கிவிடும். ஆகவே எஸ்ஆர்ஜிபி முதலில், ஸ்ட்ரிப் பிறகு. வரிசை மாறக் கூடாது.

15.01.2025, காலை 7.30

நேற்று எழுதியதில் பாதிதான் சரி. தம்பி எஸ்ஆர்ஜிபி செய்து பார்த்துவிட்டு, சிவப்பு வந்துவிட்டது, ஆனால் ஜரிகை போனில் மினுங்குகிற மாதிரி மினுங்கவில்லை என்கிறார்.

இரவு உட்கார்ந்து யோசித்தேன். எச்இஐசி என்பது ஒரு பெட்டி, அதற்குள் ஒரே ஒரு படம் மட்டும் இல்லை. 12 மெகாபிக்சல் படத்தை 512-க்கு 512 சதுரங்களாக வெட்டி, 48 துண்டுகளாக அடுக்கி வைத்திருக்கும். சின்ன முன்னோட்டப் படம் ஒன்று இருக்கும். போர்ட்ரைட் என்றால் தூரம் காட்டும் படம் இருக்கும். புதிய ஐபோன்களில் எங்கே எவ்வளவு கூடுதல் வெளிச்சம் தர வேண்டும் என்று சொல்லும் கெயின் மேப் ஒன்றும் இருக்கிறது. போன் திரை அதைப் படித்துத்தான் ஜரிகையைப் பளபளக்க வைக்கிறது. வழக்கமான ஜேபெக்குக்கோ வெப்பிக்கோ மாற்றும்போது அது வராது. இந்த மினுக்கம் குறைவதற்கு மாற்றியவர் காரணம் இல்லை.

ஒரு விதத்தில் இது நல்லதுதான் என்று இப்போது படுகிறது. வாங்குபவர் கையில் பிரிக்கும் சேலை கூடுதல் வெளிச்சம் காட்டும் எச்டிஆர் திரை மாதிரி ஒளிராது. அம்மாவைச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு, மாற்றிய படத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடச் சொல். போனின் படத்தோடு ஒப்பிட வேண்டாம்.

19.01.2025, இரவு 11.15

முதல் நாள் தனியாக எழுதுகிறேன் என்றது இது. இழையிலேயே எனக்கு முக்கியமானதும் இதுதான்.

போனில் கேமராவுக்கு லொகேஷன் அனுமதி இருந்தால் ஒவ்வொரு படத்திலும் அட்சரேகை, தீர்க்கரேகை பதிவாகும். திறந்த வெளியில் சில மீட்டர்தான் பிசகும். சில நேரம் எந்தப் பக்கம் பார்த்து எடுத்தாய் என்பதுகூட இருக்கும். 2012 டிசம்பரில் குவாத்தமாலாவில் மறைந்திருந்த, வைரஸ் தடுப்பு மென்பொருளால் பெயர் பெற்ற ஜான் மெக்காஃபியின் இருப்பிடம் வெளியே தெரிந்தது இப்படித்தான். ஓர் இதழ் தன் தளத்தில் ஏற்றிய ஐபோன் படத்துக்குள் அந்த எண்கள் அப்படியே இருந்தன.

என் விஷயம் வேறு. நடுகற்கள் பலவும் கொல்லையிலும் ஏரிக்கரையிலும் தனியாக நிற்பவை. வேலி கிடையாது, காவல் கிடையாது. மாதம் ஒருமுறை யாராவது எண்ணெய் வைப்பார்கள், அவ்வளவுதான். நான் வேண்டுமென்றே ஊர்ப் பெயர் மட்டும் எழுதினேன், எந்தக் கொல்லை என்று எழுதவில்லை. கவனமாக இருக்கிறோம் என்று மூன்று வருடம் நம்பியிருந்தேன். பிறகு ஒரு மாணவர் எழுதினார்: "சார், உங்கள் படத்தை இறக்கினேன், மேப்பில் நேராகக் கல்லின் மேலேயே புள்ளி நிற்கிறது." என் தளத்தை நடத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருள் சின்னப் பிரதிகளைத் தானே செய்துகொள்ளும், ஆனால் நாம் ஏற்றிய மூலக் கோப்பும் சர்வரில் அப்படியே கிடக்கும், முகவரி தெரிந்தால் யாரும் இறக்கலாம். நான் எழுதாமல் விட்ட இடத்தை என் படமே எழுதிக்கொண்டிருந்தது. அந்த வாரம் தூக்கமே இல்லை. 200-க்கும் மேற்பட்ட படங்களை ஒவ்வொன்றாக நீக்கி, சுத்தம் செய்து மறுபடி ஏற்றினேன்.

தம்பிக்கு: சேலையை வீட்டுத் திண்ணையில் விரித்துத்தான் எடுக்கிறாய். அம்மா தனியாக இருக்கும் நேரம் அதிகம் என்று நீயே எழுதியிருந்தாய்.

சுலபமான வழி போனிலேயே இருக்கிறது. படங்களைத் தேர்ந்து ஷேர் அழுத்தியதும் மேலே ஆப்ஷன்ஸ் வரும், அதில் லொகேஷனை அணைத்துவிட்டு அனுப்பு. விண்டோஸில் ஜேபெக்காக மாற்றிய பிறகு வலது க்ளிக், ப்ராப்பர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ், அடியில் குறிப்புகளை நீக்கும் வரி. மேக்கின் கன்வர்ட் இமேஜில் ப்ரிசர்வ் மெட்டாடேட்டா டிக்கை எடுத்துவிட வேண்டும். மொத்தமாகச் செய்ய எக்ஸிஃப்டூல் என்ற, படக்குறிப்புகளைப் படித்துத் திருத்தும் மென்பொருள்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இடக்குறிப்பு போய்விடும், ஆனால் படமும் நைந்துவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் படம் முழுதாகப் போகும், இடக்குறிப்பும் கூடவே போகும்.

21.01.2025, காலை 9.00

தொல்லியல் படித்த ஒருவர் மறுத்து எழுதியிருக்கிறார். இடக்குறிப்பை அழிப்பது ஆய்வுக்குக் கேடு, பத்து வருடம் கழித்துக் கல் காணாமல் போனால் எங்கே இருந்தது என்று எதைக் காட்டுவீர்கள் என்கிறார்.

அவர் சொல்வது நியாயம். நான் "சுத்தம் செய்தேன்" என்று எழுதியது அவசரத்தில் எழுதியது. தளத்துக்குப் போகும் பிரதியில் மட்டும்தான் நீக்குகிறேன், மூலத்தில் இடம், தேதி, நேரம் எல்லாம் இருக்கின்றன. இருக்க வேண்டும். கல் திருடு போனால் போலீசிடம் காட்ட என்னிடம் இருக்கும் ஒரே சான்று அதுதான். தேதியைப் பிரதியிலும் விட்டுவைக்கிறேன். எந்த மாதம், எத்தனை மணி வெயிலில் எழுத்து தெரிந்தது என்பது அடுத்துப் போகிறவருக்கு உதவும்.

மொத்தத்தையும் ஸ்ட்ரிப் செய் என்று 14-ஆம் தேதி சொன்னதை அதனால் மாற்றிக்கொள்கிறேன். எக்ஸிஃப்டூலில் ஜிபிஎஸ் பகுதியை மட்டும் நீக்கலாம், மற்றது இருக்கும்.

22.01.2025, இரவு 7.45

எக்ஸிஃப்டூல் பழைய கோப்பைப் பெயரின் கடைசியில் ஒரிஜினல் என்று சேர்த்து அதே ஃபோல்டரில் விட்டுவைக்கும். ஃபோல்டரை அப்படியே சர்வரில் ஏற்றினால் நீக்கிய இடக்குறிப்போடு அதுவும் ஏறிவிடும். பார்த்துக்கொள்ளுங்கள்.

02.02.2025, மாலை 4.20

படத்தைச் சுருக்கும்போது தரம் என்று கேட்கும் எண்ணை (100 வரை) எவ்வளவு வைப்பது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போக மனமில்லை.

முதலில், ஜேபெக் 80-உம் வெப்பி 80-உம் ஒன்றல்ல. இரண்டும் தனித்தனி அளவுகோல்.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் இருக்கிறது. வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். 1400 வருடமாக ஒரு நாயின் பெயர் நிற்கிறது. நான் முதலில் ஏற்றிய படத்தில் அந்த எழுத்து இல்லை. தரம் 50 வைத்திருந்தேன், ஜேபெக் எட்டுக்கு எட்டுப் பிக்சல் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மெல்லிய ஏற்ற இறக்கத்தைத்தான் முதலில் வெட்டும். கல்லில் ஆழமில்லாமல் வெட்டிய வட்டெழுத்து அந்த மெல்லிய ஏற்ற இறக்கம்தான். வெப்பியில் வேறு மாதிரி கெடும்: சதுரம் தெரியாது, சந்தனம் பூசிய மாதிரி வழவழவென்று ஆகிவிடும். பார்க்க அழகாகவே இருக்கும், எழுத்து மட்டும் இருக்காது. ஜேபெக்கின் சதுரமாவது "இங்கே ஏதோ கெட்டிருக்கிறது" என்று காட்டிக்கொடுக்கிறது.

இப்போது எழுத்துள்ள பக்கத்துக்கு வெப்பி 88, நிலக்காட்சிக்கு 75. எழுத்துப் பகுதியை மட்டும் தனியாக வெட்டி முழு அளவில் இன்னொரு படமாகவும் வைக்கிறேன். அதனால் முதன்மைப் படம் சின்னதாக இருந்தாலும் யாருக்கும் எதுவும் போவதில்லை.

சுங்குடிக்கு இன்னொரு சிக்கல். முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய வெள்ளைப் புள்ளி, அரக்குப் பின்னணி. இழப்புள்ள வெப்பி எப்போதும் நிறத்தை நாலு பிக்சலுக்கு ஒன்றாகத்தான் வைத்துக்கொள்ளும், வெளிச்சத்தை மட்டும் ஒவ்வொரு பிக்சலுக்கும் வைக்கும். 1600-க்குச் சுருக்கிய சேலையில் ஒரு புள்ளியே மூன்று நாலு பிக்சல்தான். சிவப்பு புள்ளிக்குள் கசிந்து வெள்ளை ரோஸாகிவிடும். சிவெப்பியில் ஷார்ப் ஒய்யுவி என்ற தேர்வு இந்தக் கசிவைப் பெரிதும் குறைக்கும், நேரம் கொஞ்சம் கூடும். ஜேபெக் என்றால் 4:4:4 கொடு, நிறமும் முழுதாக நிற்கும்.

02.02.2025, மாலை 5.05

வெப்பிக்கும் பிறகு வந்த ஏவிஐஎஃப் என்ற பட வகையை ஏன் சொல்லவில்லை என்று கேட்டவருக்கு: சொல்ல வேண்டியதுதான். குரோம் 2020-இலும் ஃபயர்பாக்ஸ் 2021-இலும் சஃபாரி 2022-இலும் ஏற்றுக்கொண்டன. எட்ஜ் 2024 ஜனவரியில்தான் சேர்ந்தது. கோப்பு வெப்பியைவிடச் சின்னதாக வருகிறது, 4:4:4-உம் உண்டு, சுங்குடிக்கு நல்லது. என் பழைய கணினியில் ஒரு படத்துக்கு ஆகும் நேரம்தான் தடை. பிக்சர் என்ற எச்டிஎம்எல் குறிக்குள் ஏவிஐஎஃப், வெப்பி, கடைசியில் ஜேபெக் என்று மூன்றையும் கொடுத்தால் பிரௌசர் தனக்குத் தெரிந்ததை எடுத்துக்கொள்ளும். 140 படத்துக்கு மூன்று பிரதி பராமரிக்க ஆள் இருந்தால் செய்யலாம்.

16.02.2025, காலை 10.40

ஊர்த் திருவிழா மலருக்கு அச்சகம் படம் கேட்டது. வெப்பி கொடுத்தேன், அவர்களிடம் திறக்கவில்லை. ஃபோட்டோஷாப் 2022 பிப்ரவரியில் வந்த பதிப்பில் இருந்துதான் வெப்பியைத் தானாகத் திறக்கிறது, அச்சகங்களில் அதற்கு முந்தைய பதிப்புதான் அதிகம். மூலத்தில் இருந்து முழு அளவு ஜேபெக் செய்து கொடுத்தேன். மூலம் இல்லாமல் தளத்துப் பிரதி மட்டும் இருந்திருந்தால் 1600 பிக்சலை ஒரு பக்கத்துக்கு விரித்திருப்பார்கள்.

அரசு வேலை விண்ணப்பத்துக்கு 50 கேபி-க்குள் ஜேபெக் கேட்கிறார்கள் என்று எழுதியவருக்கும் இதே பதில். தரத்தைக் குறைக்காதீர்கள், பிக்சலைக் குறையுங்கள். முகத்துக்கு 400 பிக்சல் தாராளம். பெயரை மட்டும் மாற்றி ஏற்றிவிடாதீர்கள். 2020 மே மாதம் அமெரிக்காவில் வீட்டில் இருந்து ஏபி என்ற கல்லூரி நிலைத் தேர்வு எழுதிய பள்ளி மாணவர்கள் விடைத்தாளை ஐபோனில் படமெடுத்து ஏற்றினார்கள். தேர்வுத் தளம் எச்இஐசி-யை ஏற்கவில்லை, பலர் ஜூனில் மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

09.03.2025, இரவு 9.15

இது மாற்றுவதோடு நேராகச் சம்பந்தப்பட்டதில்லை, ஆனால் இங்கே எழுதாவிட்டால் எனக்குப் பொறுக்காது.

தரம் கூட்டிப் புதிதாகச் செய்த எடுத்தனூர்ப் படத்துக்கு "கோவிவன்" என்றே தமிழில் பெயர் வைத்து ஏற்றினேன். பக்கத்தில் படம் வரவில்லை. பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். நகலெடுத்து ஒட்டினால் வருகிறது, நானே தட்டினால் வரவில்லை. இரண்டு மணி நேரம் போயிற்று.

யூனிகோடில் "கோ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்று என்பது ஒரு விதம். ககரம், ஏகாரக் குறி, துணைக்கால் என்று மூன்றாகப் பிரித்து எழுதுவது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றுதான். பழைய மேக் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். என் கோப்பு பழைய மேக்கில் இருந்து போனது, பக்கத்தை விண்டோஸில் தட்டினேன், லினக்ஸ் சர்வருக்கு இரண்டும் வேறு வேறு பெயர். கொ, கோ, கௌ வரிசை எழுத்து எதிலும் இப்படி நடக்கும். போதாததற்கு இணைய முகவரியாக மாறும்போது "கோ" என்ற ஒரே எழுத்து 18 குறியாக நீளும்.

தமிழில் பெயர் வைக்க எனக்கு ஆசை. ஆனாலும் சர்வரில் கோப்புப் பெயருக்கு இப்போது எண்தான் கொடுக்கிறேன். படத்தின் மாற்று விளக்கத்தில் தமிழில் முழுதாக எழுதுகிறேன்: எந்தக் கல், என்ன எழுத்து, நாய் எங்கே நிற்கிறது. கண் தெரியாத ஒருவர் திரைப்படிப்பான் வழியாகக் கேட்டாலும் கோவிவன் பெயர் அவருக்குக் கேட்க வேண்டும்.

30.03.2025, காலை 7.10

தம்பியின் தளம் பார்த்தேன். 140 படமும் நிமிர்ந்து நிற்கின்றன. மூன்று படத்தை இறக்கி எக்ஸிஃப்டூலில் திறந்தேன், ஜிபிஎஸ் இல்லை. அரக்குச் சேலையில் புள்ளிகள் வெள்ளையாகவே இருக்கின்றன. மயில்கழுத்து நிறத்தில் ஒன்று மட்டும் கொஞ்சம் நீலமாக அடிக்கிறது, எஸ்ஆர்ஜிபி மாற்றத்தில் அதை விட்டிருப்பாய். மூலத்தில் இருந்து மறுபடி செய். ஏற்கெனவே ஏற்றிய வெப்பியில் நிறத்தைத் திருத்தாதே.